இரண்டு மணி நேரப் பாடத்துக்கு ஆறரை மணி நேரக் கட்டணம்

கேள்வி: 18 ஆண்டுகளாகப் பாய்மரப் படகு ஓட்டுகிறேன். பயிற்றுநர் சான்றிதழ் வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வார நாட்களில் வேறு வேலை. வார இறுதியில் என் சொந்தப் படகில் தனிப்பாடம் எடுக்கிறேன். ஒரு பாடம் இரண்டு மணி நேரம். என் வேலையில் ஒரு மணிக்கு என்ன சம்பளம் வருகிறதோ அதை இரண்டால் பெருக்கி, படகுக்கென்று இன்னும் அரை மணிச் சம்பளத்தைச் சேர்த்துக் கட்டணம் வைத்தேன். ஆண்டுக்குச் சுமார் 100 பாடங்கள் முன்பதிவாகின்றன. அதில் கால்வாசி காற்றாலும் மழையாலும் நின்றுபோகிறது. ஆண்டு முடிவில் கையில் ஒன்றும் தங்குவதில்லை. ஆனாலும் ஒரு மாணவர், “காற்று இலவசம்தானே, இவ்வளவா?” என்கிறார். இன்னொருவர் பாதியில் காற்று விழுந்ததற்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். நண்பர்கள் பாதிக் கட்டணத்தில் வருகிறார்கள். வரும் சனிக்கிழமை புதிதாக ஒருவர் வருகிறார். அவரிடம் எவ்வளவு சொல்வது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தோடு செலவுப் பட்டியலையும் இணைத்திருந்தது நல்லதாயிற்று. பெரும்பாலானவர்கள் பக்கத்துப் பயிற்சிப் பள்ளியில் என்ன வாங்குகிறார்கள் என்று பார்த்து, அதில் கொஞ்சம் குறைத்துச் சொல்லிவிட்டு அப்புறம்தான் கணக்குப் பார்ப்பார்கள். நீங்கள் உங்கள் உழைப்பிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். அது சரியான இடம். ஆனால் தண்ணீரில் கழிகிற இரண்டு மணி நேரத்தை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள்.

பணத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு மணி நேர வேலைக்கு நீங்கள் நியாயமாக வாங்க வேண்டியதை, அதாவது உங்கள் வேலையில் வரும் ஒரு மணிச் சம்பளத்தை, ஒரு ‘மணிக்கூலி’ என்று வைத்துக்கொள்வோம். இப்போது நீங்கள் ஒரு பாடத்துக்கு வாங்குவது இரண்டரை மணிக்கூலி.

ஒரு பாட நாளை நினைத்துப் பாருங்கள். மாணவர் வருவதற்கு முக்கால் மணி முன்பே கரையில் இருக்கிறீர்கள். முன்னறிவிப்பை மறுபடி பார்க்கிறீர்கள், பாயை ஏற்றத் தயார் செய்கிறீர்கள், சுக்கானைப் பொருத்துகிறீர்கள், மிதவைச் சட்டைகளின் பட்டைகளை இழுத்துப் பார்க்கிறீர்கள். அவர் வந்ததும் கரையிலேயே 20 நிமிடம் பேச்சு: காற்று எங்கிருந்து வருகிறது, தலையை எப்போது குனிய வேண்டும், விழுந்தால் என்ன செய்ய வேண்டும். அப்புறம் இரண்டு மணி நேரம் தண்ணீரில். திரும்பியதும் பாயை இறக்கி, உப்புப் போகக் கழுவி, உலர்த்தி, மடித்து, படகை மூடுவதற்கு இன்னொரு முக்கால் மணி. முன்னும் பின்னும் போன், செய்தி என்று பத்து நிமிடம். கூட்டினால் நான்கு மணி நேரம். அவருடைய பாடம் இரண்டு மணி என்றால் உங்களுடைய வேலை நான்கு மணி.

நின்றுபோன பாடங்களையும் இதில் சேர்க்க வேண்டும். 100 முன்பதிவில் 25 நடக்கவில்லை. அந்த 25 நாளும் நீங்கள் வீட்டில் படுத்திருக்கவில்லை. கரைக்குப் போனீர்கள், அரை மணி வானத்தைப் பார்த்தீர்கள், சில நாள் பாயை ஏற்றி இறக்கினீர்கள். நாளுக்கு ஒன்றரை மணி என்று வைத்தாலும் 37½ மணி. அதை நடந்த 75 பாடங்கள்தான் சுமக்க வேண்டும், பாடத்துக்கு அரை மணி. ஆக உங்கள் உழைப்பு மட்டும் நாலரை மணிக்கூலி.

இனி படகு. உங்கள் பட்டியலில் நிறுத்துமிடம், காப்பீடு, பழுது மூன்றும் இருக்கின்றன. இரண்டு விட்டுப்போயிருக்கின்றன. ஒன்று தேய்மானம்: வாங்கிய விலையிலிருந்து விற்கும்போது கிடைக்கக்கூடியதைக் கழித்து, வைத்திருக்கப்போகும் ஆண்டுகளால் வகுங்கள். இன்னொன்று பாய். பாலியெஸ்டர் பாய்த்துணி வெயிலில் வலுவிழக்கிறது, படபடவென்று அடித்துக்கொள்வதில் இன்னும் வேகமாக வடிவம் இழக்கிறது. தொடக்க மாணவர் காற்றுக்கு நேராகப் படகை நிறுத்திவிட்டுத் திகைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் பாய் அப்படித்தான் அடித்துக்கொள்கிறது. அவர் அப்படி நின்றுதான் கற்றுக்கொள்ள வேண்டும், குறை சொல்ல முடியாது. ஆனால் அது செலவு.

இந்த இரண்டையும் சேர்த்து நான் போட்ட கணக்கில் உங்கள் படகின் ஆண்டுச் செலவு ஏறக்குறைய 300 மணிக்கூலி வருகிறது. இதை முழுவதும் மாணவர் தலையில் கட்டக் கூடாது. அதே படகில் நீங்கள் போட்டிக்கும் போகிறீர்கள், பாதிக்குப் பாதி என்று பட்டியலில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் விருப்பத்துக்கான செலவு உங்களுடையது. ஆகவே பாடங்களின் பங்கு 150. அதை 75 பாடங்களால் வகுத்தால் பாடத்துக்கு இரண்டு மணிக்கூலி.

நாலரையும் இரண்டும் ஆறரை. இதுதான் உங்கள் இரண்டு மணி நேரப் பாடத்தின் உண்மையான அடக்க விலை. நீங்கள் வாங்கும் இரண்டரையில் படகு இரண்டை எடுத்துக்கொள்கிறது. மிச்சம் அரை மணிக்கூலி, அதுவும் நாலரை மணி உழைப்புக்கு. உங்கள் வேலையில் கிடைப்பதில் ஒன்பதில் ஒரு பங்கு. ஆண்டு முடிவில் கையில் தங்காததற்குக் காரணம் இதுதான். நீங்கள் ஊதாரியாக இருந்ததால் அல்ல.

உங்கள் எண்கள் மாறினால் விடையும் மாறும். 75 பாடம் 120 ஆனால் படகின் பங்கு இறங்கிவிடும். பருவம் சுருங்கி 40 ஆனால் ஏறிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை இந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், ஒரு மாலை போதும்.

கட்டணத்தைப் பற்றி நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. நான் பாடம் எடுக்கத் தொடங்கிய காலத்தில் உங்களைப் போலவே மிகக் குறைவாகத்தான் வாங்கினேன். ஒரு வாரம் தொடர்ந்து மூன்று பாடங்கள் காற்றால் நின்றுபோயின. நான்காவது மாணவர் வெகு தூரத்திலிருந்து வந்திருந்தார். காற்று 18 நாட் வேகம், திடீரென்று வேகமெடுக்கும் வீச்சு வரும்போது 24 வரை. நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். பாயைச் சுருக்கிக் கட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தேன். அவருக்கு அது இரண்டாவது பாடம்தான்.

காற்று பின்னால் இருக்கும்போது பாயைப் பக்கம் மாற்றுகிற திருப்பத்தை, அதுதான் ஜைப், நான் சொல்வதற்கு முன்பே படகு தானாகச் செய்துவிட்டது. ஓர் அலை பின்பக்கத்தைத் தூக்கியது, அவர் கையில் இருந்த சுக்கான் பிடி ஒரு சாண் நகர்ந்தது, அவ்வளவுதான். பாயின் அடியில் இருக்கும் பூம் கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பாய்ந்து வந்து அவர் புருவத்தின் மேல் அடித்தது. நான்கு தையல். இன்னும் இரண்டு அங்குலம் கீழே பட்டிருந்தால் கண். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு என்னையே கேட்டுக்கொண்டேன்: அந்த வாரத்தில் மூன்று பாடம் போயிருக்காவிட்டால் இன்று படகை இறக்கியிருப்பாயா? மாட்டேன். காற்று எனக்குத் தெரியாததல்ல. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் விசை நான்கு மடங்காகும் என்று நானே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன். பணம் இல்லாததால் போனேன்.

அதனால், “இன்று வேண்டாம், இன்னொரு நாள் வாருங்கள்” என்று தயங்காமல் சொல்ல உங்களை எந்தத் தொகை விடுகிறதோ, அதைத்தான் நான் நியாயமான கட்டணம் என்பேன். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது களத்து மேட்டுக்குச் சரி. தண்ணீரில் ஆளை வைத்துக்கொண்டு அதை நினைக்கக் கூடாது.

சரி, நிறுத்துவதற்கான விதிகள். இவற்றை எழுதி, முன்பதிவின்போதே அனுப்பிவிடுங்கள். தொடக்க மாணவரோடு 16 நாட் வேகத்துக்கு மேல் நான் போவதில்லை. காற்றின் வலிமையைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் அது 4-இன் மேல் எல்லை, தண்ணீரில் வெண்நுரை அடிக்கடி தெரியும் நிலை. சராசரி வேகத்தை மட்டும் பார்க்காமல் வீச்சையும் சேர்த்துப் பாருங்கள், நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் அது. 4 நாட் வேகத்துக்குக் கீழே என்றால் பாடம் தொடங்குவதில்லை. இடி கேட்டால் எந்த வேகமானாலும் கரைக்கு வந்துவிட வேண்டும். திறந்த தண்ணீரில் உயர்ந்து நிற்கும் ஒரே பொருள் உங்கள் பாய்மரம்தான். இவை என் எல்லைகள். உங்கள் படகு, உங்கள் நீர்ப்பரப்பு, மாணவரின் உடல்பலம் பார்த்து நீங்கள் இன்னும் இறுக்கலாம், தளர்த்தாதீர்கள்.

வானிலையால் நீங்கள் நிறுத்தினால் ஒரு காசும் வாங்கக் கூடாது. முன்பணம் அப்படியே அடுத்த தேதிக்கு நகர வேண்டும், வேண்டாம் என்றால் முழுவதும் திரும்ப வேண்டும். ஏன் என்றால், மேலே போட்ட கணக்கில் நின்றுபோன நாட்களின் கூலி ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. மறுபடி வாங்கினால் ஒரே செலவுக்கு இரண்டு முறை வாங்கியதாகும். மாணவர் கடைசி நேரத்தில் வரவில்லை என்பது வேறு. பாடத்துக்கு 24 மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும்போது சொன்னால் பாதி, சொல்லாமலே வராவிட்டால் முழுவதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு சரியில்லை என்றால் விட்டுவிடுங்கள். காய்ச்சலோடு ஒருவர் படகில் ஏறுவதை நீங்களே விரும்ப மாட்டீர்கள்.

பாதியில் காற்று விழுந்ததற்குப் பணம் கேட்டவர் விஷயம் கொஞ்சம் நுட்பமானது. நான் கடைப்பிடிப்பது இது: ஒரு மணி நேரம் ஓடியிருந்தால் முழுக் கட்டணம், அதற்குள் நின்றுவிட்டால் பாதி. ஆனால் அந்த மிச்ச நேரத்தைச் சும்மா விடக் கூடாது. காற்று விழுந்த தண்ணீரில்தான் மிக மெல்லிய காற்றைக் கன்னத்தில் உணரவும், உடம்பை அசைக்காமல் உட்காரவும், துடுப்புப் போட்டுக் கரை சேரவும் கற்றுக்கொடுக்க முடியும். கரைக்கு வந்த பிறகு, நழுவாத வளையம் போடும் பௌலைன் முடிச்சையும் கயிறு உருவிப் போகாமல் தடுக்கும் எட்டு முடிச்சையும் கண்ணை மூடிக்கொண்டு போடும் அளவுக்குப் பழக்குங்கள். அப்படி இரண்டு மணியும் நிறைந்திருந்தால் பெரும்பாலும் யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். அன்று நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே படகை இழுத்து வந்திருந்தால், அவர் கேட்டதில் எனக்கு வியப்பில்லை.

காற்று இலவசம்தானே என்றவருக்குக் கோபப்படாமல் ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். அவர் குழு வகுப்பின் கட்டணத்தோடு உங்கள் கட்டணத்தை ஒப்பிடுகிறார். அந்த ஒப்பீட்டைச் சுக்கான் பிடிக்கும் நிமிடத்தில் செய்ய வேண்டும். ஒரு படகில் மூன்று மாணவர் என்றால், இரண்டு மணியில் துறையை விட்டுக் கிளம்பவும் திரும்பவும் போக மிஞ்சும் 90 நிமிடத்தில் ஆளுக்கு 30 நிமிடம்தான் சுக்கான் கையில் இருக்கும். தனிப்பாடத்தில் 90-ம் அவருடையது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு திருப்பம் என்றால் ஒரே நாளில் 45 முறை காற்றைக் கடந்து படகைத் திருப்புகிறார்.

அந்த 45-இல் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். முதல் பத்துத் திருப்பத்தில் விரல் முட்டிகள் வெளுக்கும் அளவுக்குச் சுக்கான் பிடியை இறுக்கிப் பிடித்திருப்பார். திரும்பியதும் எந்தப் பக்கம் தள்ளுவது என்று மறந்து எதிர்ப்பக்கம் தள்ளுவார். இருபதாவதுக்குப் பக்கத்தில் பிடி தளரும், நான்கு விரல் இரண்டாகும். முப்பதுக்கு மேல் ஒரு கட்டத்தில் அவர் சுக்கானைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, பாயின் முன் விளிம்பில் ஒட்டியிருக்கும் நூல் இழைகளைப் பார்க்கத் தொடங்குவார். இரு பக்க இழையும் சமமாகப் பின்னால் பறந்தால் பாய் சரியாக நிற்கிறது என்று பொருள். நீங்கள் சொல்லாமலே அவர் கை ஒரு விரற்கடை நகரும். காற்றுக்கு நீங்கள் ஒன்றும் வாங்கவில்லை. அந்த ஒரு விரற்கடைக்குத்தான் வாங்குகிறீர்கள். குழுவிலும் அது வரும், ஆனால் நாள் அதிகமாகும். மெதுவாகக் கற்றால் போதும் என்பவருக்குக் குழு வகுப்பே நல்லது என்று நீங்களே சொல்லி அனுப்புங்கள், தவறில்லை.

இரண்டு பேர் சேர்ந்து வந்தால் மொத்தத்தில் ஒன்றரை மடங்கு வாங்குங்கள். இருவருக்கும் ஆளுக்கு முக்கால் பங்கு. படகுச் செலவு கூடவில்லை, உங்கள் கவனம் கூடுகிறது, ஒருவர் சுக்கானில் இருக்கும்போது மற்றவர் முன்பாயின் கயிற்றைக் கற்கிறார். கணவன் மனைவியாக இருந்தால் முதல் பாடத்தை மட்டும் தனித்தனியாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஒருவர் கொஞ்சம் முன்னால் போய்விட்டால் மற்றவருக்கு உத்தரவு போடத் தொடங்கிவிடுகிறார், அவர் கற்பது அங்கேயே நின்றுவிடுகிறது.

மாணவர் தன் சொந்தப் படகில் கற்க விரும்பினால் உங்கள் படகின் இரண்டு மணிக்கூலி கழியும். அதற்குப் பதில் பயண நேரத்தையும், அந்தப் படகை முதல் நாள் அலசிப் பார்க்கும் நேரத்தையும் சேருங்கள். இணைப்புப் பூட்டாணிகள், பாய்மரத்தைத் தாங்கும் கம்பி வடங்கள், சுக்கான் பொருத்து எதையும் பார்க்காமல் நம்பி ஏறாதீர்கள். ஒருவர் மட்டும் ஓட்டும் படகென்றால் கணக்கே வேறு. குழந்தைகள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் 2.3 மீட்டர் நீளம்தான், நீங்கள் உள்ளே உட்கார முடியாது. பக்கத்தில் எஞ்சின் படகில் வர வேண்டும். எரிபொருளும் அந்தப் படகின் தேய்மானமும் தனிப்பாடத்தைச் சட்டென்று விலை ஏற்றிவிடும். அங்கே மூன்று நான்கு பிள்ளைகளைச் சேர்ப்பதுதான் எல்லாருக்கும் நல்லது.

நண்பர்களுக்குப் பாதிக் கட்டணத்தை இன்றோடு நிறுத்துங்கள். முழுவதும் வாங்குங்கள், அல்லது ஒன்றுமே வாங்காதீர்கள். பாதி வாங்கினால் அவர் தனக்குச் சலுகை கிடைத்ததாக நினைக்க மாட்டார், அதுதான் விலை என்று நினைப்பார். வசதியில்லாத ஓர் இளைஞனுக்குக் கற்றுக்கொடுக்க ஆசை என்றால் அதைத் தனியாகத் திட்டமிடுங்கள். நான் பத்தில் ஒரு பாடத்தை அப்படி ஒதுக்குகிறேன், அதன் செலவையும் ஆண்டுக் கணக்கில் எழுதிவிடுகிறேன். மனம் இளகிய நேரத்தில் கொடுத்தால் நாளைக்கு நம்மாலேயே தாங்க முடியாமல் போய்விடும். கணக்கில் இருந்தால் அடுத்த ஆண்டும் கொடுக்கலாம்.

காப்பீட்டைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள். பொழுதுபோக்குப் படகுக்கான காப்பீடு, கட்டணம் வாங்கி ஆள் ஏற்றினால் பெரும்பாலும் செல்லாது. கட்டணம் சிறியது என்பதால் தப்பிக்க முடியாது. “பயிற்றுவித்துப் பணம் வாங்குகிறேன், இது என் காப்பீட்டில் அடங்குமா” என்று எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். பணம் வாங்கி ஆளை ஏற்றினால் அதை வணிகப் படகாகக் கருதித் தனி உரிமம் கேட்கும் நாடுகள் பல இருக்கின்றன. உங்கள் கடல்துறை அலுவலகத்தில் அதையும் கேட்டுவிடுங்கள். அதற்காகும் செலவு வந்தால் மேலே சொன்ன 300-இல் சேர்த்து மறுபடி வகுங்கள். இந்த வேலையை முடித்துவிட்டுத்தான் அடுத்த பாடம்.

பழைய மாணவர்களிடம் ஒரேயடியாக இரண்டரையிலிருந்து ஆறரைக்குத் தாவ முடியாது என்று நீங்கள் தயங்குவீர்கள். ஏற்கெனவே முன்பதிவு செய்த பாடங்களைப் பழைய கட்டணத்திலேயே முடித்துக்கொடுங்கள், அது வாக்கு. அதன் பிறகு ஒரு தேதி குறித்துப் புதிய கட்டணம். ஐந்து பாடம் சேர்த்து எடுப்பவருக்குப் பத்தில் ஒரு பங்கு குறைக்கலாம், ஏனென்றால் உங்களுக்கும் போன் பேச்சும் முதல் நாள் விளக்கமும் மிச்சமாகின்றன. அதற்கு மேல் குறைக்காதீர்கள். சிலர் போய்விடுவார்கள். ஆறரைக்கு ஆளே கிடைக்காத நீர்ப்பரப்பு என்றால், படகுச் செலவைக் குறைக்கும் வழியைத் தேடுங்கள்: மாணவரின் படகு, வாடகைப் படகு, இரண்டு பேர் பாடம். மிதவைச் சட்டை புதிதாக வாங்குவதையோ பழுது பார்ப்பதையோ ஒத்திப்போட்டுக் கட்டணத்தை இறக்காதீர்கள்.

சனிக்கிழமை வருபவருக்கு இன்றே ஒரு செய்தி அனுப்புங்கள். இப்படி எழுதினால் போதும்: “இரண்டு மணி நேரம் தண்ணீரில், அதற்கு முன் கரையில் 20 நிமிடம். கட்டணம் இவ்வளவு. படகு, மிதவைச் சட்டை, காப்பீடு எல்லாம் இதில் அடக்கம். காற்று பாதுகாப்பாக இல்லை என்றால் நான் நிறுத்திவிடுவேன், பணம் வாங்க மாட்டேன்.” ஆறரை மணிக்கூலியை உங்கள் பணத்தில் போட்டு, அந்த எண்ணை அப்படியே எழுதுங்கள். “உங்களுக்காகக் கொஞ்சம் குறைத்து” என்று பின்னால் ஒட்டாதீர்கள்.

அப்புறம் வெள்ளிக்கிழமை மாலை முன்னறிவிப்பைப் பாருங்கள். வீச்சு 16-ஐத் தாண்டுவதாக இருந்தால் அவர் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே போன் செய்துவிடுங்கள்.